சிறு படகும் சுமையற்ற கூரையும்

(மூன்றாம் ஆண்டு, இளம் அறிவியல் – இயற்பியல்)

சென்ற மார்கழியில் முத்துப்பேட்டை அலையாத்திக் காட்டைக் காண வேண்டுமென்று வகுப்பு நண்பர்கள் மூவர் புறப்பட்டோம். ஜாம்புவானோடைத் துறையில் சிறிய படகு ஒன்றைப் பேசி வைத்திருந்தோம். நாங்கள் கொண்டு வந்த பொருள்களைப் படகோட்டி ஒருமுறை பார்த்தார். அவற்றுள் பெரியது ஒரு கித்தான் தார்ப்பாய். நான்கு மீட்டர் நீளம், நான்கு மீட்டர் அகலம். என் மாமா வீட்டில் நெல் மூடப் பயன்பட்டது. ஏழு கிலோவுக்குக் குறையாது.

"இத எதுக்குத் தம்பி சுமந்துகிட்டு? பொழுது சாயறதுக்குள்ள திரும்பிடுவோம்ல" என்றார் அவர்.

சுமந்து வந்த எனக்கும் தோள் வலி. "சரிங்கண்ணே" என்று சொல்லி, தார்ப்பாயைத் துறையிலிருந்த தேநீர்க் கடையில் வைத்துவிட்டுப் படகில் ஏறினோம்.

பொழுது சாய்வதற்குள் திரும்பவில்லை. காயலிலிருந்து திரும்பும் வழியில், அறுந்து மிதந்த வலையொன்று எந்திரத்தின் விசிறியில் சுற்றிக்கொண்டது. அதை வெட்டி எடுப்பதற்குள் நீர் வற்றி, படகு சேற்றில் உட்கார்ந்துவிட்டது. இறங்கி நடக்கலாமென்றால் தொடையளவு சேறு. இருட்டும் நேரத்தில் வாடைக் காற்றும் மழையும் சேர்ந்து வந்தன. மூன்று கைப்பேசிகளில் ஒன்று நனைந்துவிட்டது. ஒன்றில் மின்னூட்டம் இல்லை. மூன்றாவதில் தொடர்பு கிடைக்கவில்லை. நள்ளிரவுக்கு மேல் நீர் ஏறியது. ஆயினும் இருட்டில் வாய்க்காலின் வாய் தெரியாதென்று, விடியும்வரை பொறுக்கச் சொன்னார் படகோட்டி.

மூவரில் மெலிந்தவனான ஒரு நண்பன் முதலில் நடுங்கினான். பிறகு பற்கள் கிட்டின. சட்டைப் பொத்தானைப் போடச் சொன்னால் விரல்கள் மடங்கவில்லை; பேச்சும் சற்றுக் குழறியது. அதைக் கண்டதும் படகோட்டி பலகைக்கு அடியிலிருந்து நான்கு காலி உரச்சாக்குகளை எடுத்தார். ஒரு மூலையை மறு மூலைக்குள் மடித்துச் செருகி, கொங்காணியாக்கி அவன் தலையில் கவிழ்த்தார். இன்னொன்றில் கால்களை நுழைக்கச் செய்தார். மற்ற இரண்டும் எங்கள் இருவருக்கு. தமக்கு ஒன்றும் வைத்துக்கொள்ளவில்லை. ஒரு மணி நேரத்தில் நண்பனின் நடுக்கம் தணிந்தது. காலி உரச்சாக்கு ஒன்றின் எடை நூறு கிராம் அளவே. ஏழு கிலோ தார்ப்பாய் கரையில் இருந்தது. நூறு கிராம் சாக்கு படகில் இருந்தது.

ஊர் திரும்பியபின் இதைப் பற்றிப் படிக்கலானேன். துடுப்புப் படகிலோ சிறு பாய்ப்படகிலோ பொழுதுபோக்காகவும் வீரச் செயலாகவும் செல்வோர் உலகில் பலர். அவர்கள் எதிர்பாராத இரவைக் கழிக்க எத்தகைய கூரையைக் கொண்டு செல்கின்றனர், அதை எவ்வாறு தேர்ந்தெடுக்கின்றனர் என்பதே இக்கட்டுரையின் பொருள்.

வெப்ப நாட்டில் குளிரா?

"நம் ஊரில் குளிரால் ஆபத்தா?" என்று நண்பர்கள் பலர் என்னைக் கேட்டனர். கேள்வி நியாயமானதே. மனித உடலின் இயல்பான வெப்பநிலை 37 பாகை செல்சியஸ். உட்புற வெப்பநிலை 35 பாகைக்குக் கீழே இறங்கினாலே உடல்குளிர்வு என்னும் ஆபத்தான நிலை தொடங்கிவிடுகிறது. இடைவெளி இரண்டே பாகை! அந்த இரண்டு பாகையை இழக்கப் பனிமலைக்குப் போக வேண்டியதில்லை. நனைந்த உடையும் ஓயாத காற்றும் சில மணி நேரமும் போதும்.

கணக்கைப் பாருங்கள். தோலின் வெப்பநிலையில் ஒரு கிராம் நீர் ஆவியாக ஏறத்தாழ 580 கலோரி வெப்பம் வேண்டும். நனைந்த சட்டையும் கால்சட்டையும் அரை லிட்டர் நீரைத் தாங்கியுள்ளன எனக் கொண்டால், அது முழுவதும் உலர 290 கிலோ கலோரி தேவை. சும்மா உட்கார்ந்திருக்கும் மனித உடல் மணிக்கு 70 அல்லது 80 கிலோ கலோரி வெப்பத்தையே உண்டாக்குகிறது. ஆகவே உடல் நான்கு மணி நேரம் உண்டாக்கும் வெப்பத்தை ஒரு சட்டையும் ஒரு கால்சட்டையும் கேட்கின்றன. இதில் ஒரு பகுதியைச் சூழ்ந்துள்ள காற்றே கொடுத்துவிடும் என்பது உண்மைதான். ஆனால் மழை மீண்டும் மீண்டும் நனைத்துக்கொண்டிருக்கிறதே! அத்துடன் நீர் காற்றைவிட ஏறத்தாழ 25 மடங்கு நன்றாக வெப்பத்தைக் கடத்தும். படகின் அடியில் தேங்கிய நீரில் உட்கார்ந்திருப்பவனுக்கு இது கூடுதல் இழப்பு.

இதிலிருந்து ஒன்று விளங்கும். நெருக்கடிக் கூரையின் முதல் வேலை கதகதப்பூட்டுவதன்று. காற்றையும் மழையையும் தடுத்து ஆவியாதலை நிறுத்துவது. அந்த வேலைக்குக் கனமான பொருள் தேவையே இல்லை.

வெப்ப மண்டலக் கடலிலேயே குளிரால் வாடியவர்களுக்குச் சான்று வரலாற்றில் உண்டு. 1789 ஏப்ரல் 28-ஆம் நாள் 'பவுண்ட்டி' கப்பலில் கலகம் செய்தவர்கள், தலைவர் வில்லியம் பிளையையும் அவருடன் 18 பேரையும் 23 அடி நீளமுள்ள திறந்த படகில் இறக்கிவிட்டனர். பசிபிக் பெருங்கடலின் வெப்பப் பகுதி அது. அவர்கள் 3,618 கடல் மைல் கடந்து ஜூன் 14-ஆம் நாள் திமோர்த் தீவை அடைந்தனர். தொடக்கத்திலேயே புயலில் சிக்கியபோது படகு மூழ்காதிருக்க, ஆளுக்கு இரண்டு உடைகளை மட்டும் வைத்துக்கொண்டு மிகுதித் துணிகளையும் உபரிப் பாய்களையும் கயிறுகளையும் கடலில் எறியச் செய்தார் பிளை. பின்னர்ப் படகின் விளிம்பைச் சுற்றிக் கித்தான் கட்டித் தடுப்பை உயர்த்தினார். நாள்தோறும் பெய்த மழையில் ஆட்கள் விறைத்தபோது அவர் சொன்ன வழி வியப்பானது: உடைகளைக் கழற்றிக் கடல்நீரில் தோய்த்து, முறுக்கிப் பிழிந்து மீண்டும் உடுத்துங்கள் என்றார். மழைநீரில் நனைந்த உடையைவிட அது கதகதப்பாக இருந்ததாம். அங்கே கடல்நீர் மழைநீரைவிட வெப்பமானது. பிழிவதால் துணியில் நீர் குறைகிறது. உப்புநீர் சற்று மெதுவாகவே ஆவியாகும். கூரை இல்லாதவன் செய்யக்கூடியது அவ்வளவே.

கனமானது கடலுக்குள் போகும்

பிளையின் கதையில் கடலுக்குள் போனவை எவை என்பதைக் கவனித்திருப்பீர்கள். இடர் வந்தால் முதலில் வெளியே போவது சுமைதான். இதற்கு இன்னும் தெளிவான சான்று எர்னஸ்ட் ஷாக்கிள்டன்.

அவருடைய 'எண்டூரன்ஸ்' கப்பல் தென்துருவப் பனிக்கடலில் நெரிபட்டு 1915 நவம்பரில் மூழ்கியது. 28 பேரும் மூன்று சிறு படகுகளில் எலிபன்ட் தீவை அடைந்தனர். அங்கிருந்து 1916 ஏப்ரல் 24-ஆம் நாள் ஷாக்கிள்டனும் ஐவரும் 'ஜேம்ஸ் கெயர்ட்' என்னும் இருபத்திரண்டரை அடிப் படகில் தெற்கு ஜார்ஜியா நோக்கிப் புறப்பட்டனர். தூரம் சுமார் 800 கடல் மைல். புறப்படுமுன் தச்சர் ஹாரி மக்னீஷ், சறுக்குவண்டியின் சட்டங்களையும் பெட்டி மூடிகளையும் பரப்பி, மேலே கித்தான் போர்த்து, திறந்த படகுக்கு ஒரு மேல்மூடி செய்தார். கித்தான் பனியில் உறைந்து பலகை போலிருந்ததால், அதைத் தீயில் காட்டி இளக்கித் தைக்க வேண்டியிருந்தது. அந்த மெல்லிய மூடி இல்லாதிருந்தால் முதல் பேரலையிலேயே படகு நிரம்பியிருக்கும் என்று சொல்வதில் மிகையில்லை.

அவர்கள் பனிமான் தோலால் ஆன உறக்கப்பைகளையும் எடுத்துச் சென்றனர். உலர்ந்திருக்கும்வரை பனிமான் தோலுக்கு நிகரில்லை. படகிலோ எதுவும் உலர்ந்திருக்கவில்லை. பைகள் நீரைக் குடித்து, பனிக்கட்டியாகிக் கனத்தன. உதிர்ந்த மயிர் உணவில் விழுந்தது. நீரிறைக்கும் குழாயையும் அடைத்தது. கடைசியில் இரண்டு பைகளைக் கடலில் எறிந்துவிட்டனர். நனைந்தால் பயன் குறையும், நனைந்தால் எடை கூடும் என்ற இரண்டு குற்றங்களும் ஒரே பொருளில் இருந்தால் அது படகுக்கு உதவாது. இன்று கடைகளில் கிடைக்கும் இறகு அடைத்த உறக்கப்பைகளுக்கும் இது பொருந்தும். நனைந்த இறகு கட்டியாகிவிடும். பஞ்சு மெத்தைவிரிப்பும் அப்படியே. கம்பளியும் செயற்கை இழையும் நனைந்தபின்னும் ஓரளவு காக்கும்.

எலிபன்ட் தீவில் தங்கிய 22 பேரின் கதையும் நமக்குப் பாடமானது. அவர்களுடைய கூடாரங்களைப் பனிப்புயல் கிழித்துவிட்டது. அவர்கள் கற்களை அடுக்கித் தாழ்வான சுவர் எழுப்பி, மீதமிருந்த இரு படகுகளையும் அதன்மேல் கவிழ்த்து, பக்கங்களைக் கிழிந்த கூடாரத் துணியால் மூடினர். நிமிர்ந்து நிற்க முடியாத அந்தக் குடிசையில் நான்கு மாதத்திற்கு மேல் வாழ்ந்து, 1916 ஆகஸ்ட் 30-ஆம் நாள் 22 பேரும் உயிருடன் மீட்கப்பட்டனர். ஏறக்குறைய அதே காலத்தில் தெற்கு ஜார்ஜியாவை அடைந்திருந்த ஷாக்கிள்டன் குழுவினரும் தம் படகைக் கவிழ்த்தே குடிலாக்கினர். படகைக் கரையேற்ற முடிந்தவனுக்குப் பாதிக் கூரை ஏற்கெனவே இருக்கிறது என்று நான் இதைப் படிக்கும்போது குறித்துக்கொண்டேன். எங்கள் படகை நால்வரால் கவிழ்த்திருக்க முடியாது, அது வேறு.

காற்றின் கணக்கு

தாழ்ந்த குடிசை நின்றதற்கும் உயர்ந்த கூடாரம் கிழிந்ததற்கும் காரணம் நம் முதலாண்டுப் பாடத்திலேயே உள்ளது. காற்று தரும் அழுத்தம் அதன் வேகத்தின் இருமடிக்கு ஏற்ப உயரும். நொடிக்கு 10 மீட்டர் வேகத்தில், அதாவது மணிக்கு 36 கிலோமீட்டரில் வீசும் காற்று ஒரு சதுர மீட்டரில் சுமார் 60 நியூட்டன் விசை தரும். மூன்று மீட்டருக்கு இரண்டு மீட்டர் தார்ப்பாயை அதன் எதிரே நிறுத்தினால் 360 நியூட்டன். ஏறத்தாழ 37 கிலோ எடை இழுப்பதற்குச் சமம். காற்று இருமடங்கானால் இழுப்பு நான்கு மடங்கு, 147 கிலோ! இரண்டு துளைவளையங்களும் ஒரு சணல் கயிறும் இதைத் தாங்குமா? ஆகவே பெரிய கூரையை விரும்பாதீர்கள். சிறியதாக, தாழ்வாக, காற்று வரும் பக்கம் தரையைத் தொட்டிருப்பதாக அமையுங்கள். துளைவளையம் பிய்ந்துவிட்டால், துணியின் மூலையில் ஒரு கிளிஞ்சலையோ கூழாங்கல்லையோ வைத்து, வெளிப்புறமாகச் சுற்றிக் கயிற்றால் கட்டினால் வளையத்தைவிட உறுதி. சேற்றிலும் மணலிலும் முளை நிற்காது. துடுப்பும் கழியும் தூணாகட்டும், படகின் பக்கம் சுவராகட்டும்.

சிறு பாய்ப்படகில் நெடும்பயணம் செய்தவர்களுள் புகழ்பெற்றவர் இங்கிலாந்தின் பிராங்க் டை. 'வேஃபேரர்' வகைப் படகு 16 அடிக்கும் சற்றுக் குறைவு. மேல்தளம் முழுமையாக இல்லாதது. 'வாண்டரர்' என்ற தம் வேஃபேரர் படகில் அவர் ஒரு துணைவருடன் 1963-இல் ஸ்காட்லாந்திலிருந்து ஐஸ்லாந்துக்குச் சென்றார். 1964-இல் நார்வே சென்றபோது கடும்புயலில் படகு பலமுறை கவிழ்ந்தது, பாய்மரமும் ஒடிந்தது, ஆயினும் கரை சேர்ந்தனர். இத்தகைய படகோட்டிகள் அமைதியான நீரில் நங்கூரமிட்டு இரவைக் கழிக்க, பாயின் அடிவிளிம்பைத் தாங்கும் கிடைமரத்தின்மேல் துணியைப் போட்டு இருபுறமும் கட்டி, படகையே கூடாரமாக்கிக் கொள்கின்றனர். வசதியான முறைதான். ஆனால் காற்று எழுந்தால் அக்கூடாரமே பாயாகிப் படகை இழுக்கும். விரைந்து புறப்பட வேண்டுமென்றால் கழற்ற நேரமாகும். அது தங்குவதற்கான கூரை, நெருக்கடிக்கானது அன்று. இவ்விரண்டையும் ஒன்றெனக் கருதிக் கொள்வதே வாங்குவோர் செய்யும் பெரிய பிழை என்பது என் கருத்து.

கடையில் என்ன கேட்பது?

தார்ப்பாய்க் கடைக்காரரிடம் நீள அகலத்தை மட்டும் கேட்காதீர்கள், 'ஜி.எஸ்.எம்.' என்ன என்று கேளுங்கள். ஒரு சதுர மீட்டர் எத்தனை கிராம் என்பதே அது. என் மாமாவின் கித்தான் சுமார் 450. பதினாறு சதுர மீட்டருக்கு ஏழு கிலோ வந்த கணக்கு இதுதான். நனைந்தால் இன்னும் கூடும். நெய்த பாலித்தீன் தார்ப்பாயில் 100 ஜி.எஸ்.எம். வாங்கினால் மூன்றுக்கு இரண்டு மீட்டர் 600 கிராம்தான், நீரையும் குடிக்காது. சிலிக்கோன் பூசிய நைலான் இதிலும் பாதிக்குக் குறைவு, விலை பன்மடங்கு. மாணவர்களுக்குப் பாலித்தீனே போதும். கடையில் பெரும்பாலும் நீலநிறமே முதலில் எடுத்துப் போடுவார்கள். கடலும் நீலம், படகுகளின்மேல் கிடப்பதும் நீலம். தேடி வருவோர் கண்ணுக்குப் படும் ஆரஞ்சு நிறம் கேட்டு வாங்குங்கள். பகலில் இதே விரிப்பு வெயிலுக்கும் நிழல்.

அடுத்தது, பலரும் பெருமையாகப் பேசும் விண்வெளிப் போர்வை. 1964-இல் அமெரிக்காவின் நாசா நிறுவனத்துக்காக உருவாக்கப்பட்டது இது. மிக மெல்லிய பிளாஸ்டிக் ஏட்டில், வெற்றிடத்தில் அலுமினிய ஆவியைப் படியச் செய்கின்றனர். ஏட்டின் தடிமன் 12 மைக்ரான் என்றால் ஓர் ஆள் போர்வை 45 கிராம்தான் இருக்கும். சட்டைப்பையில் அடங்கும். கதிர்வீசலாகப் போகும் வெப்பத்தில் பெரும்பகுதியைத் திருப்பிவிடும் என்பதும் மெய்யே. ஆயினும் நம் நண்பனின் வெப்பத்தைத் திருடியவை ஆவியாதலும் காற்றும் அல்லவா? போர்வையாகச் சுற்றினால் நான்கு பக்கமும் காற்று புகும். கைக்குள் நில்லாமல் படபடக்கும். ஒரு சிறு கிழிசல் விழுந்தால் முழுவதும் கிழிந்துவிடும். மற்றொரு உறைக்குள்ளே வைத்துப் பயன்படுத்தினால் நன்று. தனித்து அதை மட்டும் நம்பிப் போகக்கூடாது.

என் தேர்வு தடித்த பாலித்தீன் பை. மலையேறுவோர் இதை நெடுங்காலமாகக் கையாள்கின்றனர். 125 மைக்ரான் தடிமனில், ஆள் உயரத்துக்குச் செய்தால் 400 கிராம் வரும். உள்ளே வியர்வை நீராகப் படியும் என்று குறை சொல்வார்கள். படியட்டுமே! உள்ளிருக்கும் காற்று நீராவியால் நிறைந்துவிட்டால் மேலும் ஆவியாதல் நின்றுபோகும். நனைந்திருந்தாலும் அவ்வழியே வெப்பம் அதிகம் போகாது. வியர்வை ஆவியை வெளியே விட்டு மழையை உள்ளே விடாத 'கோர்டெக்ஸ்' துணி 1976 முதல் விற்பனையில் உள்ளது. அத்துணியில் தைத்த பை வசதியானதே; ஆனால் எடையும் பாலித்தீனைவிட மிகும், விலையோ நம் கல்லூரி ஆண்டுக் கட்டணத்தைத் தாண்டும்.

பையைப் பயன்படுத்துவதில் இரண்டு எச்சரிக்கைகள் உயிருக்குச் சமம். தலையை மூடிப் போர்த்தால் மூச்சு முட்டும். எனவே மூடிய முனையின் அருகே முகமளவு ஒரு துளை வெட்டி, பையைத் தலைகீழாகக் கவிழ்த்து அணிய வேண்டும். கொங்காணியின் முறையும் இதுவே. நம் நடவு வயல்களில் அறிந்ததுதான். இரண்டாவது, படகு நீரில் இருக்கும்போது கால்களைப் பைக்குள் கட்டிக்கொள்ளக் கூடாது. கவிழ்ந்தால் நீந்த முடியாது. எங்கள் நண்பன் காலில் சாக்கு அணிந்ததுகூடப் படகு சேற்றில் அசையாது கிடந்ததால்தான் சரி. கப்பல்களின் உயிர்காப்பு மிதவைகளில் வைக்கப்படும் வெப்பக்காப்பு உறைக்கு, நீரில் விழுந்தால் அதை இரண்டு நிமிடத்துக்குள் கழற்ற முடிய வேண்டும் என்று பன்னாட்டு விதியே இருக்கிறது. படகில் இருக்கையில் இடுப்பளவு மட்டும் போர்த்துங்கள். உயிர்காப்புச் சட்டை அதன் வெளியே இருக்கட்டும். கரையில் அச்சட்டையைக் கழற்றிக் கீழே போட்டு உட்காரலாம். ஈரத்தரை இழுக்கும் வெப்பத்தை அது தடுக்கும்.

எங்கே வைப்பது?

இத்தனையும் வாங்கிப் படகின் முன்பெட்டியில் வைத்துப் பூட்டினால், அது தேநீர்க் கடையில் வைத்ததற்குச் சமம். படகு போனால் பெட்டியும் போகும். ஆளுக்கொரு பை, சிறு மடிப்பில், இடுப்பில் கட்டியிருக்க வேண்டும். அதனால்தான் எடையை இவ்வளவு வற்புறுத்துகிறேன். இடுப்பில் உறுத்தும் பொருளை அரை மணியில் அவிழ்த்து வைத்துவிடுவோம். மனித இயல்பு அது.

எங்கள் துறையின் தராசில் எல்லாவற்றையும் நிறுத்துப் பார்த்தோம். பை 400 கிராம், விண்வெளிப் போர்வை 45, கயிறும் ஊதலும் 70, மூவருக்குப் பொதுவான தார்ப்பாயில் ஒருவர் பங்கு 200. ஆக 715 கிராம். மூவருக்கும் சேர்த்து இரண்டரைக் கிலோவுக்குள்.

பிறகு விடுதி மொட்டைமாடியில் மழை நாளொன்றில் ஒத்திகை பார்த்தோம். கைகளை ஐஸ் வாளியில் ஐந்து நிமிடம் வைத்திருந்து, பின் பையைப் பிரிக்க முயன்றோம். எனக்கு நான்கு நிமிடம் ஆயிற்று. ஒரு நண்பன் பல்லால் கடித்தே பிரித்தான். கடையில் போட்டுத் தந்த இறுக்கமான முடிச்சுகளை அன்றே வெட்டியெறிந்து, நான்கு விரலும் நுழையும் பெரிய கயிற்றுக் கண்ணிகளாக மாற்றினோம். மறுமுறை ஒரு நிமிடத்துக்குள் முடிந்தது. மாடியில் நடப்பதைக் கண்ட விடுதிக் காப்பாளர் எங்களை அழைத்து விளக்கம் கேட்டார் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

படகோட்டி அண்ணனுக்கும் ஒரு பை செய்து, தார்ப்பாயைத் திரும்ப எடுக்கப் போனபோது கொடுத்தோம். வாங்கிக்கொண்டு சிரித்தார். இப்போது அதை மீன்கூடை மூடப் பயன்படுத்துவதாகக் கேள்வி.